சோதனைக் கூண்டில் என் அத்தான்

தொழிற்சாலையில் என் அத்தானுக்குச் 'சொட்டு' என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். நாங்கள் செய்வது வால்வு. எண்ணெய்க் குழாய், நீராவிக் குழாய், தண்ணீர்க் குழாய் என்று எதிலும் வழியை அடைக்கவும் திறக்கவும் மாட்டுகிற இரும்புச் சாமான். சின்னது உள்ளங்கையில் அடங்கும், பெரியதைத் தூக்க கிரேன் வேண்டும். எதுவானாலும் அத்தானிடம் வந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அவர் பம்ப் போட்டு ஏற்றுகிற அழுத்தத்தைத் தாங்கி, ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் இருந்தால்தான் வாசலைத் தாண்டும். தாங்கினால் அதன் தகட்டில் பதினேழு என்று தன் எண்ணைக் குத்துவார். கசிந்தால் யார் வந்து கெஞ்சினாலும் குத்த மாட்டார்.

அவர் குத்தியதற்குச் சான்றிதழ் டைப் அடிப்பது என் வேலை. அக்கா புருஷன் என்பதற்காக நான் சலுகை ஒன்றும் காட்டியதில்லை. சோதனைத் தாளில் கோழி கிளறிய மாதிரி எழுதி அனுப்பினால் நாலு பேர் முன்னாலேயே கேட்டுவிடுவேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். திருப்பி ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். இப்படி இருந்தால் ஊர் தலையில் மிளகாய் அரைக்கத்தான் செய்யும் என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அரைத்தது ஊர் இல்லை, மேனேஜர். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது அத்தான் வேலை பார்த்த இடம் ஒரு கம்பிவலைக் கூண்டு. நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை, ஒரே ஒரு கதவு. உள்ளே சோதனை மேசை, பம்ப், அழுத்தம் காட்டும் கேஜ், எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர். காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். பூட்ஸைக் கழற்றினால் பாதம் ஊறவைத்த துணி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். முன்பு அங்கே கூண்டு கிடையாது. இன்றைக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்து நடந்து, அதற்கப்புறம் கட்டினார்கள். அந்த விபத்தில்தான் ஃபிட்டருக்கு வலது கண் போனது.

ஃபிட்டர் அத்தானுக்கு உயிர்ச் சிநேகிதர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவர்கள். கண் போன பிறகு அவரைக் கேட்டில் காவலாளியாக உட்கார வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்டும் எங்களுக்கு அவர் இன்னும் ஃபிட்டர்தான். விபத்து அறிக்கையில் என்ன இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்: சோதனை செய்பவர் உத்தரவு கொடுக்கும் முன்பே ஃபிட்டர் அவசரப்பட்டு போல்டைக் கழற்றினார், தவறு ஃபிட்டருடையதே. அந்த அறிக்கையை டைப் அடித்தவள் நான்தான். அப்போது நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். கொடுத்ததை அடித்தேன், யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஃபிட்டரின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். என் ரவிக்கையெல்லாம் அவளிடம்தான். வாய் கொஞ்சம் நீளம். அளவெடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். எங்க வீட்டுக்காரருக்கு எதிலயும் பறக்கணும், சோறு ஆறுற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார், அந்தப் பறப்புலதான் கண்ணைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தார் என்பாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வாள், விருந்தாளி இருந்தாலும் சொல்வாள். ஃபிட்டர் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டுவார். விபத்துக்கு அப்புறம் பதினோரு வருஷம் அந்த வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும் கதை கண்ணில் வந்துதான் முடியும்.

போன வருஷம் இல்லை, அதற்கும் மூன்று வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணி உடனே வாடி என்றாள். அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். கொடியில் துணிக்கு நடுவே ஒரு கடிதம் க்ளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தான் சட்டையைத் துவைக்கும்போது பையில் இருந்ததாம், பாதி நனைந்துவிட்டது. வேறு ஊரில் ஒரு நீரேற்று நிலையத்தில் அத்தானுக்கு வேலை. குடியிருக்க வீடும் உண்டு. அன்றிலிருந்து பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை, வந்து சேர வேண்டும் என்று போட்டிருந்தது. கடிதம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மனுஷன் வாயைத் திறக்கவில்லை. அக்கா குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கூண்டை விட்டு வெளியே வந்து வேறு வேலை பாருங்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாள் அவள். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்றுகூட மேனேஜர் லீவு தரவில்லை, இவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தது நான்தான்.

அத்தானைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, என்னதான் உங்க உத்தேசம் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பந்து வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளே ஓட்டை போட்ட இரும்புப் பந்து இருக்கும். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் ஓட்டை குழாய்க்கு நேராக வந்து வழி திறக்கும், திரும்பவும் திருப்பினால் அடைத்துக்கொள்ளும். அடைத்த நிலையில் பந்தைச் சுற்றியுள்ள இடுக்கில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். சோதனை முடிந்து பம்ப் அழுத்தத்தை இறக்கினால் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும், ஆனால் இடுக்கில் சிக்கிய தண்ணீர் முழு அழுத்தத்தோடு அப்படியே இருக்கும். அதற்காகத்தான் இறக்கும் முன்னால் கைப்பிடியைப் பாதி திறந்து வைக்க வேண்டும். அன்று வாசலில் லாரி நின்றது. ஒரு வால்வு கழுத்தில், அதாவது கைப்பிடித் தண்டு உள்ளே இறங்குகிற இடத்தில், கசிந்தது, அங்கே திணித்திருக்கும் அடைப்பை மாற்ற வேண்டும். அத்தான் அழுத்தத்தை இறக்கினார், கேஜைப் பார்த்தார், பூஜ்யம். கைப்பிடியைத் திறக்க மறந்துபோனார். பக்கத்தில் ஸ்பானரோடு நின்ற ஃபிட்டரிடம் "கழட்டு" என்றார். ஃபிட்டர் கழுத்து போல்டைக் கழற்றினார். அடைப்பை அமுக்கியிருந்த கழுத்து வளையம் தண்ணீரோடு கிளம்பி நேராகக் கண்ணில் அடித்தது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நடந்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருக்கிறார் அத்தான். மேனேஜர் அதைப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு மேசை டிராயரைக் காட்டினார். உன் கடிதம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு, நீ இங்க இருக்கிற வரைக்கும் அதுவும் இங்க இருக்கும், நீ போனா அதை நேரா உன் சிநேகிதன் கையில குடுத்துருவேன் என்றாராம். வெளியிலிருந்து வரும் சோதனை அதிகாரிகள் பதினேழாம் எண் குத்தைப் பார்த்தால் மறுகேள்வி கேட்பதில்லை. அந்த ஆளை மேனேஜர் எப்படி விடுவார்?

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தத் தாள் வெளியே வந்தா முதல்ல மாட்டுறது மறைச்சு வெச்ச மேனேஜர்தானே, இதுகூடவா அத்தான் தெரியலை, பதினோரு வருஷமா என்ன யோசிச்சுக்கிட்டிருந்தீங்க என்று கத்தினேன். அது தெரியும் என்றார். போலீஸ், கோர்ட், வேலை எதற்கும் அவர் பயப்படவில்லையாம். அவர் பயந்தது ஒன்றுக்குத்தான்.

"அவன் அதைப் படிச்சிட்டு என்னைப் பாக்குற பார்வையை நான் எப்படிம்மா தாங்குவேன்?"

அப்படியானால் விபத்து நடந்த மறுநாளே போய் நேரில் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றேன். மறுநாள் கட்டுப் போட்டிருந்தான், கட்டு பிரிக்கட்டும்னு நினைச்சேன் என்றார். கட்டு பிரித்தார்கள், பார்வை இல்லை. கொஞ்சம் தேறட்டும் என்று விட்டார். தேறியதும் கேட் வேலை கிடைத்துச் சிரிக்க ஆரம்பித்தார் ஃபிட்டர், அதைக் கெடுப்பானேன் என்று விட்டார். அப்புறம் ஒரு வருஷம் ஆனது. ஒரு வருஷம் கழித்து எப்படிச் சொல்வது? ரெண்டு வருஷம் கழித்து அதைவிட எப்படிச் சொல்வது? தினமும் காலையில் ஃபிட்டர் கேட்டைத் திறந்து, வாடா சொட்டு என்பார். இவர் உள்ளே போவார். கூண்டுக்குள் ஒவ்வொரு வால்வையும் பாதி திறந்துவிட்டு, திறந்தாச்சு, திறந்தாச்சு, திறந்தாச்சு என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்வார். மற்றவர்கள் மறை கழன்ற ஆள் என்று கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். நீங்க அந்த வேலைக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி, அந்த அண்ணன்கிட்ட சொல்லாம இனி இந்த வீட்டுல நிம்மதியாச் சாப்பிட முடியாது என்றாள். அத்தான் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அந்த வாரம் போனது, அடுத்த வாரமும் முக்கால்வாசி போனது. தினமும் சாயங்காலம் நான் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்ப்பேன். அத்தான் அங்கே போய் நிற்பார், ஏதோ வாய் வரைக்கும் வரும், மழை வருமோ என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தார். அந்த மட்டும் தைரியம் வந்ததே என்று எனக்கு ஆச்சரியம். மேனேஜர் கோபப்படவில்லை. டிராயர் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். திங்கட்கிழமை காலை ஃபிட்டரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் அதற்குள் வந்து ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அத்தான் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவருடைய பஸ். இவர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அங்கே ஃபிட்டர் தாளைப் படித்துக்கொண்டிருப்பார். ஒன்று, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாகும் வரைக்கும் அந்தக் கூண்டில் தண்ணீரில் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போகும் வரை காத்திருந்தோம். நான் ஸ்கூட்டரைத் துடைக்கிற மாதிரி கேட் பக்கத்தில் நின்றேன். இன்றைக்கும் மழையைப் பற்றிக் கேட்டால் எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அத்தான் போய் ஃபிட்டர் முன்னால் நின்றார்.

"அன்னிக்கு நீ அவசரப்படலைடா. நான்தான் கழட்டுன்னு சொன்னேன். கைப்பிடியைத் திறக்க மறந்துட்டேன்."

ஃபிட்டர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். நல்ல கண்ணால் அத்தானைப் பார்த்தார்.

"தெரியும்டா. எனக்குப் போனது கண்ணு, காது இல்ல."

அத்தான் அப்படியே காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஃபிட்டர் நின்றுகொண்டே பேசினார். ஆஸ்பத்திரியில் மேனேஜர் வந்து, தப்பு உன்னுதுன்னு கையெழுத்துப் போட்டா உனக்குக் கேட் வேலை, அவனுக்கும் வேலை இருக்கும், இல்லேன்னா ரெண்டு பேரும் வெளியே என்றாராம். போட்டுவிட்டார். ஆனால் அவர் கேட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வேலை இல்லை. கடைத்தெருவில் அவருடைய அக்கா மகன் இரும்புக்கடை வைத்திருக்கிறான், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறான். இவர்தான் போகவில்லை.

"நீ வந்து சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு. நீ சொல்லாம நான் எந்திரிச்சுப் போயிட்டா, அது கடைசி வரைக்கும் என் தப்பாவே இருந்துரும்ல?"

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தர் கூண்டுக்குள், ஒருத்தர் கேட்டில், ஒரு வார்த்தையை நடுவில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம். வீட்டில் தினம் தினம் பேச்சு வாங்கினீங்களே அண்ணே, அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னு ஆயிரும் தங்கச்சி, அது இவன் வாயால வந்தாத்தான் செல்லும் என்றார். அத்தான் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தார். ஃபிட்டர் விலகிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும், என் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு என்று தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நாங்கள் போனபோது அவள் மெஷினில் இருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்துவிட்டு, என்ன, கேட்டையும் அவசரமாப் பூட்டிட்டு வந்துட்டாரா என்று ஆரம்பித்தாள். அத்தான் கதவு பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார். அன்றைய லாரி, கழுத்தில் கசிந்த வால்வு, மேனேஜர் பண்ணின அவசரம், கேஜ் பூஜ்யம் காட்டியது என்று சுற்றிச் சுற்றி வந்து, அப்படி ஒரு தப்பு நடந்துபோச்சு என்று முடித்தார். பேச்சை முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, வரேம்மா என்றார். போயிட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்காமல் ஒரு மனுஷன் எப்படிக் கிளம்புவான்? படியில் ஒரு கால், வீட்டுக்குள் ஒரு கால் என்று நின்றார். மறுபடியும் வரேம்மா என்றார்.

அவள் மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். அப்புறம் அத்தானைப் பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க. லாரியும் வேணாம், மேனேஜரும் வேணாம். அந்த நேரத்துல இவர் என்ன பண்ணினார்னு மட்டும் சொல்லுங்க."

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் கழட்டுன்னு சொன்னேன். அவன் கழட்டினான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அவள் இன்னொரு தடவை என்றாள். சொன்னார். மூன்றாவது தடவை அவர் சொல்லும்போது அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் பேப்பரைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் கேட்டாள்.

"திங்கக்கிழமை ஊருக்குப் போறீங்களாமே?"

ஆமாம்மா என்றார் அத்தான்.

"போங்க. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இதை என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பதினோரு வருஷம் திட்டின வாய். மறந்துபோய் மறுபடி திட்டிருவேன்."

அத்தான் சரிம்மா என்று சொன்னார். அப்புறம்தான் அவள் போயிட்டு வாங்க என்றாள்.

திங்கட்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் அத்தானும் அக்காவும் ரெண்டு பெட்டியோடு போனார்கள். மேனேஜர் அன்று யாரையும் கூப்பிடவும் இல்லை, எந்தத் தாளையும் எடுக்கவும் இல்லை. ஃபிட்டர் அந்த மாதமே காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரும்புக்கடையில் போய் உட்கார்ந்தார். நீரேற்று நிலையத்தில் அத்தானுக்குக் கூண்டு கிடையாது, நாலு பக்கமும் வெளிச்சமாம், பூட்ஸ்கூட வேண்டாமாம். அக்கா உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டாள்.

ஆனால் வருஷம் பிறந்தால் அத்தானுக்குச் சாப்பாடு இறங்காது என்று அக்கா சொல்கிறாள். நாள் நெருங்க நெருங்க வீட்டுக்குள்ளேயே நடப்பாராம். முதல் வருஷம் வந்தார். ரெண்டாம் வருஷம் காய்ச்சலோடு வந்தார். மூன்றாம் வருஷம் போன் பண்ணிச் சொல்லிவிடலாமே என்று நான் யோசனை சொன்னதற்கு, நேரில் சொல்றதாத்தானே பேச்சு என்றார். போன மாதம் நாலாவது தடவை வந்தார். கூட நானும் போனேன். பஸ்ஸில் வந்த அலுப்பு, தலை முழுக்க நரைத்திருந்தது. அதே நாற்காலியில் உட்கார்ந்து, நான் கழட்டுன்னு சொன்னேன், அவன் கழட்டினான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல என்றார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டு முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "சரி, அடுத்த வருஷம் வாங்க" என்றாள்.